பதினாறு ஆறுகளுக்குப் பொட்டு

ஆகஸ்ட் 29, வியாழன்

இன்று எனக்குக் கெடு வைத்துவிட்டார்கள். வைத்தவர் எங்கள் முதலாளி கிட்டுசாமி. வைத்த இடம், பம்புகளை ஓடவிட்டுப் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியின் ஓரம்.

இந்தக் கோயமுத்தூர் பம்ப் கம்பெனியின் டிசைன் பிரிவு நான். பிரிவில் மொத்தம் ஒரே ஆள், அதுவும் நான்தான். எங்கள் கிணற்றுப் பம்ப் கரண்டை நிறையக் குடித்துவிட்டுத் தண்ணீரைக் கொஞ்சமாகத் தள்ளுகிறது. உள்ளே சுற்றும் இம்பெல்லரின் வளைவு சரியில்லை. வளைவை மாற்றி வரைந்து, மர அச்சு செய்து, இரும்பில் வார்த்து, கடைந்து, தொட்டியில் ஓடவிட்டுப் பார்க்க ஒவ்வொரு முறையும் ஒரு மாதத்துக்கு மேல் போகிறது. இன்று மூன்றாவது இம்பெல்லரும் ஊற்றிக்கொண்டது.

முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அம்மிணி, இனி வார்த்து வார்த்து ஒடைக்கறதுக்கு என்னால ஆகாது. வெளியூர்க்காரன் ஒருத்தன் ரெடியாப் பம்ப் குடுக்கறேங்கறான். நம்ம லேபிள ஒட்டி வித்துப் போடலாம். விஜயதசமியன்னிக்குக் காத்தால நல்ல நேரத்துல ஒண்ணு உன்ற டிராயிங் அச்சு செய்யறவர் கைக்குப் போகோணும். இல்லாட்டி அந்த அக்ரிமெண்டுல என்ற கையெழுத்துப் போகோணும்."

லேபிள் ஒட்டுகிற கம்பெனிக்கு டிசைன் பிரிவு எதற்கு? நான் பெங்களூரில் அண்ணன் வீட்டுக்குப் போய், பதினோராவது மாடியில் உட்கார்ந்து துணி காயப்போட வேண்டியதுதான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

வார்க்காமலேயே கம்ப்யூட்டருக்குள் தண்ணீரை ஓடவிட்டுப் பார்க்கும் மென்பொருள் உண்டு. அதை விற்கிறவர் சென்னையிலிருந்து வந்தார். டை கட்டியிருந்தார். விலையைச் சொன்னதும் முதலாளி அவருக்கு இன்னொரு டீ சொன்னார். அது இரக்கத்தில் சொன்ன டீ.

அவர் போனபிறகு என்னிடம், "அந்தக் காசுக்கு நான் இன்னொரு ஃபவுண்டரியே போட்டுருவனே" என்றார். வருஷா வருஷம் திரும்பக் கட்ட வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை. அவருக்கு ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு.

ஆகஸ்ட் 31, சனி

அதே வேலையைச் செய்யும் மென்பொருள் இலவசமாகவே இருக்கிறது. உலகம் பூராவும் பலர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே திறந்து பாருங்கள், மாற்றுங்கள் என்று வைத்திருக்கிறார்கள். என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டேன். ஓடியது. ஒரு இம்பெல்லரைப் பார்த்து முடிக்க எவ்வளவு நாளாகும் என்று கணக்குப் போட்டேன். தீபாவளி முடிந்து கார்த்திகை தீபமும் வந்துவிடும்.

மெமரி கூட்டினால் வேகமாகுமோ என்று காந்திபுரத்தில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் பெயர் ஆறுமுகநயினார். திருநெல்வேலிக்காரர் என்று அவர் சொல்லவே வேண்டியதில்லை. வாயைத் திறந்தாலே தெரிகிறது. திறந்த வாயை மூடுவதும் இல்லை.

"எதுக்கு மேடம் மெமரி?" என்றார். சொன்னேன்.

"ஒத்தப் பெட்டிய வச்சுக்கிட்டு ஏன் அல்லாடுதீங்க? பெங்களூர்ல ஒரு ஆபீஸ் காலி பண்ணுன பெட்டி பதினாறு எங்கிட்ட கெடக்கு. எல்லாத்தையும் வயர் போட்டு ஒண்ணாக் கெட்டுவோம். உங்க இம்பெல்லரப் பதினாறு துண்டாக்கி ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டா, பங்குபோட்டு முடிச்சிரும்லா. அதுக்கு வேண்டிய லினக்ஸ், மத்த சாமான் எல்லாம் சும்மாவே கெடைக்கி."

நான் மெமரியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆள் ரொம்பச் சிரிக்கிறார். சிரிக்கிற வியாபாரியை நம்பக்கூடாது.

செப்டம்பர் 3, செவ்வாய்

நயினாரை வரச் சொன்னேன். மெமரி போட்டும் ஒன்றும் கிழியவில்லை.

முதலாளிக்கு ஒரே சந்தேகம். "சும்மா குடுக்கறாங்களா? எதுக்குச் சும்மா குடுக்கறாங்க?" காய்கறிக்காரர் கொசுறாகப் போடும் கறிவேப்பிலையைக்கூடப் புரட்டிப் பார்க்கிற மனிதர் அவர்.

நயினார் சொன்னார்: "ஊர்க் கெணறு மாதிரின்னு வச்சுக்கிடுங்க, அண்ணாச்சி. தோண்டுனவங்க தண்ணிக்குக் காசு கேக்கமாட்டாங்க. ஆனா தூர் வாருத அன்னிக்கு எல்லாரும் வந்து எறங்கணும். நமக்கு ஏதாவது புதுசாத் தெரிஞ்சா, நாமளும் அதுல கொண்டுபோய்ப் போடணும். அவ்வளவுதான்."

பம்ப் விற்கிறவரிடம் போய்க் கிணற்றைச் சொன்னால் விழாமல் என்ன செய்வார்? பெட்டிகள் ஓடவில்லையென்றால் நயினாரே திருப்பி எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. முன்பு மோட்டாருக்குக் கம்பி சுற்றிய பழைய வைண்டிங் ரூமை ஒழித்துக் கொடுத்தார்கள். வார்னிஷ் வாடை இன்னும் போகவில்லை.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. அம்மா செய்த கொழுக்கட்டை மிஞ்சிவிட்டது. வீணாகக் கூடாதே என்று வைண்டிங் ரூமுக்கு எடுத்துப்போனேன். லீவு நாளில் யார் இருப்பார்கள்? நயினார் இருந்தார். தற்செயல்தான்.

செப்டம்பர் 10, செவ்வாய்

பதினாறு பெட்டிக்கும் லினக்ஸ் போட்டாயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வேண்டுமாம். தண்ணீர்க் கம்பெனி, அதனால் ஆறுகளின் பெயர் வைப்போம் என்றேன். தலைமைப் பெட்டிக்குச் சிறுவாணி. உலகத்திலேயே ருசியான தண்ணீர் எங்கள் குழாயில்தான் வருகிறது. பிறகு நொய்யல், பவானி, அமராவதி, ஆழியாறு என்று வரிசையாகச் சீட்டு எழுதி ஒட்டினேன்.

நயினார் முன்வரிசையைப் பார்த்தார். பின்வரிசையைப் பார்த்தார். மறுபடியும் முன்வரிசைக்கு வந்தார்.

"தாமிரபரணியக் காணுமே மேடம்?"

"பதினாறுக்கு மேல எடம் இல்லீங்க."

"கூவம் இருக்கு!"

"அதுவும் ஆறுதானுங்க."

"வருசம் பூரா வத்தாத ஆத்த விட்டுட்டுக் கூவத்துக்கு எடம் குடுத்திருக்கீங்க. எங்க தண்ணிய ஒரு வாய் குடிச்சிருந்தா இப்படிச் செய்யமாட்டீங்க."

இன்று முழுக்க அதற்குமேல் பேசவில்லை. பேசாத நயினார் எப்படி இருப்பார் என்று தெரிந்தது. ரூம் காலியாக இருப்பது போல இருந்தது. வேலை நன்றாக ஓடியது என்றுதான் சொல்ல வந்தேன்.

செப்டம்பர் 14, சனி

மானம் போயிற்று. பதினாறு பெட்டியும் சேர்ந்து செய்தது, ஒற்றைப் பெட்டி செய்வதைவிட மெதுவாக!

முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "சொந்தபந்தம், ஒறம்பறைன்னு நாலு பேரு கூடுனா எலை போடறதுக்கே மத்தியானம் ஆயிரும். இதும் அப்படித்தானா?" என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் கோளாறு அச்சாக அதுதான். ஒவ்வொரு பெட்டியும் தன் துண்டைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் துண்டில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று மற்றப் பெட்டிகளைக் கேட்க வேண்டும். எல்லாப் பேச்சும், நடுவில் எல்லா வயரும் வந்து கூடுகிற ஸ்விட்ச் என்கிற சின்னப் பெட்டி வழியாகப் போகிறது. அது அரதப்பழசு. பேசியே நேரம் போகிறது, வேலை நடக்கவில்லை.

நயினார் தன் கடையிலிருந்து நல்ல ஸ்விட்ச் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார். கடையில் இப்போது இன்டர்நெட் இல்லையாம். "நாந்தான் இங்கயே கெடக்கேனே, அங்க யாருக்கு வேணும்?" என்றார். வியாபாரம் இப்படிச் செய்தால் உருப்பட்ட மாதிரிதான்.

செப்டம்பர் 18, புதன்

ஓடுகிறது! காலையில் கொடுத்த இம்பெல்லர், சாயந்திர ஷிப்ட் மணி அடிப்பதற்குள் விடை சொல்லிவிட்டது. மரமும் இல்லை, மணலும் இல்லை, உருக்கிய இரும்பும் இல்லை. ஒரு மாதம் ஒரு பகலில் முடிந்தது. ரூமில் நான் மட்டும் இருந்தேன், அதனால் ஒரு குதி குதித்தேன். பிறகு பார்த்தால் கதவோரம் நயினார் டீ டம்ளரோடு நிற்கிறார். அவர் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொன்னார். கேட்காமலே சொன்னார்.

முதலாளி திரையில் கலர் படத்தைப் பார்த்து, "என்ன அம்மிணி இது, சேலை டிசைனா?" என்றார். சிவப்பு இருக்குமிடத்தில் அழுத்தம் அதிகம், நீலம் இருக்குமிடத்தில் குறைவு, நம் இம்பெல்லரின் நுனியில் நீலம் அப்பிக்கிடக்கிறது, அங்கேதான் குமிழி விட்டு இரும்பையே அரிக்கிறது என்று காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெருங்கிப் பார்த்தார்.

"அட, ஆமா! ரிப்பேருக்கு வர்ற பம்புல எல்லாம் அந்த எடத்துலதான் ஓட்டை உழுந்திருக்கும். இதுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

இன்று அவர் என்னைப் பெயர் சொல்லி, "ஹேமலதா, விடாதே" என்றார். எட்டு வருஷத்தில் முதல் தடவை.

செப்டம்பர் 23, திங்கள்

வளைவை மாற்றி மாற்றி ஓட்டியதில் ஒன்று தேறிவிட்டது. நீலம் அநேகமாகக் காணவில்லை. ஆனால் இது சுருக்குவழிக் கணக்கு. இம்பெல்லரை அதன் கூட்டுக்குள் வைத்து, நிஜமாகச் சுற்றவிட்டு முழுக் கணக்கும் போட்டால்தான் முதலாளி கையில் டிராயிங்கைத் தைரியமாகக் கொடுக்கலாம். அதற்குப் பதினாறு பெட்டிகளுக்குமே சில நாட்கள் பிடிக்கும். விஜயதசமிக்குச் சரியாக இருக்கும்.

இன்று சண்டை. நயினார், "மணிக்கொரு தடவ அதுவரைக்கும் போட்ட கணக்கச் சேமிச்சு வச்சுக்கிடணும். நடுவுல ஏதாவது நின்னா விட்ட எடத்துலருந்து தொடங்கலாம்லா" என்றார். ஒவ்வொரு முறையும் அத்தனையையும் சிறுவாணிக்கு அனுப்பி எழுதினால் எவ்வளவு நேரம் வீணாகும்! இருக்கிற அவகாசமே இழுத்துப்பிடித்தால்தான் போதும்.

"முடியாதுங்க" என்றேன்.

"கரண்டு போனா?"

"ஜெனரேட்டர் இருக்குதுங்க."

"கரண்டு போகணும்னு இல்ல மேடம். மனுசங்க கை வைக்க எடத்துல எது வேணா நடக்கும்."

"என்ற ரூம்ல என்னத் தவிர யாரு கை வெக்கப் போறாங்க? எனக்குத் தெரியுமுங்க."

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "உங்க இஷ்டம்" என்று போய்விட்டார். டீயைக்கூடக் குடிக்கவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

நயினார் வரவில்லை. சாயந்திரம் உட்கார்ந்து ஒரு சின்ன வேலை செய்தேன். எழுதி வைக்கும் அளவுக்கு ஒன்றுமில்லை.

செப்டம்பர் 25, புதன்

வரவில்லை. கேன்டீனில் பழக்கத்தில் இரண்டு டீ கொடுத்துவிட்டார்கள். இரண்டையும் நானே குடித்தேன்.

செப்டம்பர் 28, சனி

வரவில்லை. வரத்தான் வேண்டும் என்று ஒன்றுமில்லை. பெட்டிகள் ஒழுங்காக ஓடுகின்றன. முழுக் கணக்குக்கான இம்பெல்லர் வடிவத்தைத் தயார் செய்வதில் ஒரு சிக்கல். அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கூடும் இணையப் பலகையில் கேள்வி போட்டேன். பிரேசிலிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் படம் போட்டு விளக்கியிருந்தார். முன்பின் தெரியாதவர். நன்றி எழுதினேன். கிணற்றில் இறங்கித் தூர் வாருகிற ஆட்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள்.

அம்மா, "ஏங்கண்ணு, போனை எதுக்கு இப்படித் திருப்பித் திருப்பிப் பார்க்கறே?" என்றாள். மணி பார்த்தேன் என்றேன். சுவரில் கடிகாரம் பெரிதாகத்தான் மாட்டியிருக்கிறது.

அக்டோபர் 1, செவ்வாய்

வந்துவிட்டார். ஊரில் தங்கைக்கு வளைகாப்பாம். கோபம் எல்லாம் இல்லையாம், போன் தாமிரபரணியில் விழுந்துவிட்டதாம். அந்த ஆறு செய்த வேலையைப் பார்!

கையில் ஒரு கேன். உள்ளே தண்ணீர். பாபநாசத்தில் பிடித்ததாம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க மேடம்."

"தண்ணி தண்ணியாத்தானுங்க இருக்குது" என்றேன். இரண்டு டம்ளர் குடித்தேன். வெயில் அப்படி.

அக்டோபர் 8, செவ்வாய்

முழுக் கணக்கு ஆரம்பம். நயினார் நல்லபடியாக முடியட்டும் என்று கண்ணை மூடிக் கும்பிட்டார், நான் பட்டனைத் தட்டினேன். பதினாறு விசிறியும் ஒன்றாக இரைச்சல் எடுத்தன. சனிக்கிழமை விஜயதசமியன்று விடிகிற நேரத்தில் முடியும் என்று திரை சொல்கிறது. நல்ல நேரத்துக்கு முன்னால்.

நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் முதலாளி வந்தார். "வெள்ளிக்கெழம ஆயுத பூஜை. அன்னிக்கு எல்லா மெஷினும் நிக்கோணும். இதையும் நிறுத்திப் போடு."

நிறுத்தினால் நேரத்துக்கு முடியாதுங்க என்று எத்தனை விதமாகச் சொல்லியும் கேட்கவில்லை. "எங்கப்பங் காலத்துலருந்து பூஜையன்னிக்கு ஒரு லேத்துகூட ஓடுனதில்ல. அதுகளுக்கும் ஒருநாள் ஓய்வு வேண்டாமா?"

நயினார் பவ்யமாக நின்றார். "அண்ணாச்சி, ஆயுத பூஜையன்னிக்கு டவுன் பஸ்ஸு ஓடுதா?"

"ஓடும்."

"வாழமரம் கெட்டி, மாலை போட்டு, ஓட்டிக்கிட்டுத்தானே போறாங்க? நடுவழில ஆள எறக்கிவிட்டுட்டா பூஜ போடுதாங்க? இந்தக் கணக்கும் ஏறியாச்சு, நடுவழில போய்க்கிட்டிருக்கு."

முதலாளி மோவாயைத் தடவினார். "செரி, ஓடட்டும். ஆனா பொட்டு வெக்காம உடமாட்டேன். அம்மிணி, நீயே உன்ற கையால சந்தனமும் குங்குமமும் வெச்சு உட்ரு. வேற யாரும் அந்த ரூமுக்குள்ள போகவேண்டாம்."

எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மாம்பழக் கலர் பட்டுச்சேலை கட்டிப் போனேன். மற்றச் சேலையெல்லாம் துவைக்கக் கிடந்தது. கம்பெனி முழுக்க மாவிலை, வாழைமரம். லேத்துகளுக்கும் டிரில்லிங் மெஷின்களுக்கும் பட்டை பட்டையாகச் சந்தனம். ஸ்பீக்கரில் நாதஸ்வரம் காதைப் பிளந்தது. எங்கே பார்த்தாலும் பொரியும் சுண்டலும். நான் சந்தனக் கிண்ணத்தோடு வைண்டிங் ரூமுக்குள் நுழைந்தேன். நயினார் உள்ளே இருந்தார். வேட்டி கட்டியிருந்தார். இத்தனை நாள் பேண்ட்டில் பார்த்த ஆளை வேட்டியில் பார்த்தால் யாருக்கும் சற்று வித்தியாசமாகத்தான் இருக்கும்.

அவர் பஸ்ஸில் வரும்போது வேட்டி கம்பியில் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கண்டக்டர் போல நடித்தும் காட்டினார். நான் கேட்டுக்கொண்டே பொட்டு வைத்தேன். ஒவ்வொரு பெட்டியின் முகத்திலும், நெற்றி இருக்க வேண்டிய இடத்தில், வட்டமாக, பளபளவென்று ஒரு இடம் இருக்கிறது. பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல இருக்கும். மோதிர விரலால் சந்தனம் தொட்டு நன்றாக அழுத்தி வைத்தேன். மேலே குங்குமம். சிறுவாணிக்கு வைத்தேன். நொய்யலுக்கு வைத்தேன். பவானிக்கு வைக்கும்போது கண்டக்டர் வேட்டியை இழுக்கிற இடம் வந்தது, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அப்படியே முன்வரிசை முழுதும் முடித்து, பின்வரிசையில் கூவத்துக்கும் வைத்துவிட்டேன்.

வெளியே நாதஸ்வரம் நின்றது. அப்போதுதான் ரூமுக்குள்ளும் ஏதோ நின்றுபோயிருப்பது காதில் பட்டது.

அந்த வட்டமான இடம் பவர் பட்டன்.

எனக்குத் தெரியாதா? ஆயிரம் தடவை அமுக்கியிருக்கிறேன். ஒரு தட்டுத் தட்டினால் பெட்டி சமர்த்தாகத் தன்னை மூடிக்கொண்டு தூங்கிவிடும். பவானியும் அமராவதியும் நெற்றி நிறையப் பொட்டோடு தூங்கிக்கொண்டிருந்தன. முன்வரிசையில் ஒரு விளக்குகூட எரியவில்லை. ஒரு பெட்டி நின்றாலே மொத்தக் கணக்கும் நின்றுவிடும். நான் ஒரு வரிசையையே நிறுத்தியிருந்தேன்.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, விக்கி விக்கி அழுதேன். வாசலில் முதலாளி பூசணிக்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. நாளைக் காலையில் அவர் அந்த அக்ரிமெண்டில் கையெழுத்துப் போடுவார், இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி மூடும், நான் பெங்களூர் பஸ் ஏறுவேன். எல்லாம் என் மோதிர விரலால்.

நயினார் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பக்கத்தில் வந்து நின்றார். "தப்பு எம்மேலதான் மேடம். வாய் ஓயாமப் பேசிக்கிட்டிருந்தேன். அன்னிக்கே அந்தச் சேமிக்க விசயத்த இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணும். உங்களுக்குக் கோவம் வருமேன்னு விட்டுட்டேன்" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஞாபகமே வந்தது. அழுகிறவளுக்கு மூளை எங்கே வேலை செய்கிறது?

"அது... போட்டிருக்கேனுங்க" என்றேன்.

"எது?"

"மணிக்கொருக்கா சேமிக்கறது. எல்லாத்தையும் சிறுவாணிக்கு அனுப்பாம, ஒவ்வொரு பெட்டியும் அதது பங்க அதது டிஸ்குலயே எழுதிக்கற மாதிரி. அப்படிப் பண்ணுனா நேரமே ஆகறதில்லீங்க."

அவர் மெதுவாகச் சிறுவாணியை எழுப்பினார். கோப்புகளைத் திறந்தார். ஒவ்வொரு மணிக்கும் சேமித்தது வரிசையாக இருந்தது. கடைசியாகச் சேமித்தது நான் பொட்டு வைக்க நுழைவதற்குச் சற்று முன்னால். பிறகு சேமிக்கச் சொல்லும் வரியை நான் என்றைக்கு எழுதினேன் என்று பார்த்தார். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

"செப்டம்பர் இருபத்திநாலு" என்று வாய்விட்டுப் படித்தார். "முடியாதுன்னு சொன்ன மறுநாளு."

"தேதியெல்லாம் எதுக்குங்க படிக்கறீங்க? ஸ்டார்ட் பண்ணுங்க."

"பண்ணுதேன், பண்ணுதேன்." சிரிப்பை அடக்கியதில் அவர் தோள் குலுங்கியது.

ஒவ்வொன்றாக எழுப்பினோம். கூவம் மட்டும் எழவில்லை. சந்தனம் பட்டன் இடுக்கில் போய்க் காய்ந்துவிட்டது. சேலையில் குத்தியிருந்த பின்னைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சுரண்டிச் சுரண்டி எடுத்தார். இரைச்சல் திரும்ப வந்தபோது எனக்கு அந்த நாதஸ்வரத்தைவிட அதுதான் இனிமையாக இருந்தது. கையோடு பதினாறு பெட்டியிலும் ஒரு வரியை மாற்றினார். இனி பட்டனை யார் அமுக்கினாலும் பெட்டி கண்டுகொள்ளாது. "நமக்கு வேண்டிய மாதிரி மாத்திக்கிடலாம்லா, அதுக்குத்தானே தொறந்து வச்சிருக்காங்க" என்றார்.

முதலாளி பொரித் தட்டோடு வந்து, "எல்லாத்துக்கும் பொட்டு வெச்சாச்சா?" என்றார்.

"நல்லா அழுத்தியே வெச்சாச்சுங்க" என்றேன். நயினார் இருமிக்கொண்டே வெளியே போனார்.

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

விடியும்போது முடிய வேண்டியது, நேற்று நின்ற நேரம் சேர்ந்து தள்ளிப்போய்விட்டது. முதலாளி தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு பக்கம் அச்சு செய்கிற பெரியசாமி அண்ணன் கைகட்டி நிற்கிறார். இன்னொரு பக்கம் மேஜைமேல் அந்த அக்ரிமெண்ட், பேனா மூடி கழற்றிய நிலையில். நானும் நயினாரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். நல்ல நேரம் பிறந்தது. அது பாதி கரைந்த பிறகு கணக்கு முடிந்தது.

நீலம் இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், நுனியில் நீலமே இல்லை. அதே கரண்டுக்குத் தண்ணீர் கணிசமாகக் கூடத் தள்ளும். டிராயிங்கைத் தட்டில் வைத்தேன். முதலாளி அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெரியசாமி அண்ணன் கையில் கொடுத்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"நம்ம அசோசியேஷன்ல நாலஞ்சு பேரு இதே பொலம்பலோட இருக்கறாங்க. நீ இதை எப்படிப் பண்ணுனேன்னு தமிழ்ல எழுதி அந்தக் கெணத்துல போட்டுரு அம்மிணி. எடுக்கறவன் எடுத்துக்கட்டும். தண்ணி மொண்டாச்சு, தூர் வாராம இருந்தா நல்லாயிருக்காது" என்றார். அவர் புரட்டிப் பார்க்காத கறிவேப்பிலை இது ஒன்றுதான்.

இன்று இந்தக் கம்பெனியில் ஒரே ஒரு லேபிள்தான் ஒட்டப்பட்டது. கூவத்தின் சீட்டைக் கிழித்துவிட்டு நான் ஒட்டினேன். தூர் வாரிச் சுத்தம் செய்த பெட்டிக்கு இனி அந்தப் பெயர் பொருந்தாது அல்லவா? தாமிரபரணி என்று எழுதினேன். எழுத்து கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது.

நயினார் அதைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. நயினார்!

அக்டோபர் 28, திங்கள்

பெரியசாமி அண்ணன் ராத்திரி பகலாக அச்சு செய்து கொடுத்ததில், நிஜ இம்பெல்லர் ஒரு மாதம் ஆகாமலே வார்த்து, கடைந்து, இன்று தொட்டியில் ஓடியது. கம்ப்யூட்டர் சொன்னதற்கும் தொட்டி சொன்னதற்கும் மயிரிழைதான் வித்தியாசம். முதலாளி தொட்டித் தண்ணீரை அள்ளி எங்கள் மேல் தெளித்தார்.

நயினாருக்கு இனி இங்கே வேலை ஒன்றுமில்லை. சாயந்திரம் அவரே, "அந்தச் சிறுவாணி, சிறுவாணின்னு பெரும பேசுதீங்க. ஒருநாளாவது கண்ணுல காட்டுனீங்களா?" என்றார். வீட்டுக்கு வாங்க, குழாயில் வருகிறது என்றேன். சும்மா மரியாதைக்குத்தான் சொன்னேன். அவர் ஸ்கூட்டரை எடுத்துவிட்டார்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். நான் போன் செய்து சொல்லவில்லை, அதற்குள் முறுக்குத் தட்டு எப்படி வந்தது என்று தெரியவில்லை. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். நயினார் ஒரு டம்ளரை ஒரே மூச்சில் குடித்தார். என்னைப் பார்த்தார்.

"எப்படி இருக்குதுங்க?" என்றேன்.

"தண்ணி தண்ணியாத்தான் இருக்கு" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு டம்ளர் குடித்தார்.

அம்மா ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்றாவது டம்ளரை அவர் கேட்கவில்லை. நானே ஊற்றினேன்.